காந்தத் தனிமுனைவும் இயங்கியல் உதாரணமும்

எதிர்மைகளின் ஐக்கியத்தை விளக்க முற்படுவோர் காந்தத்தை உதாரணங்காட்டுவது நெடுநாள் வழக்கு. காந்தத்தை எத்தனை முறை வெட்டினும் ஒவ்வொரு துண்டும் வட முனைவு, தென் முனைவு இரண்டையுங் கொண்டிருக்கும். 1925 இல் வெளிவந்த ‘இயற்கையின் இயங்கியல்’ குறிப்புகளில் எங்கெல்சும் இதனை எடுத்தாண்டுள்ளார். ஆயினும், முனைவுகள் பிரியாமைக்கு இயங்கியல் விதியே காரணம் என்பது விளக்கமாகாது. காரணத்தைப் பௌதிகத்திலேயே தேடல் வேண்டும்.

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளைத் தொழிலாளர் ‘ஸ்டோர்’ என்பர். இயந்திரத் தேய்வினால் தேயிலைத் தூளிற் கலக்கும் இரும்புத் துகள்களை அகற்ற அங்கே காந்தம் பயன்படுகிறது. ஒட்டிக்கொள்ளும் துகள் ஒவ்வொன்றும் இரு முனைவுடைய சிறு காந்தமாகிறது. 1785 இல் நீண்ட காந்த ஊசிகளைக் கொண்டு முனைவுகளின் விசையை அளந்த கூலோம், காந்தத்தன்மையை ஒருவகைப் பாய்பொருளாகவே கருதினார். முனைவு தனிப்பொருளாயின் அதைப் பிரித்தெடுத்தல் இயலவேண்டும். ஒருவராலும் அது இயலவில்லை.

1820 இல் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதை ஏர்ஸ்டெட் கண்டார். அதைத் தொடர்ந்து அம்பியர், காந்தத்தின் மூலம் சுற்றியோடும் மின்னோட்டமே என நிறுவ முற்பட்டார். மலையகத் தோட்டங்கள் பலவற்றில் ஸ்டோருக்கு வலுவூட்டிய நீர்ச்சில்லை எண்ணிப் பார்க்கலாம். ஒரு பக்கம் நின்று பார்ப்பவருக்கு அது வலஞ்சுழியாகவும், மறுபக்கம் நிற்பவருக்கு இடஞ்சுழியாகவும் சுழலும். சில்லை மெல்லிய தகடுகளாக அரிந்தாலும் ஒவ்வொரு தகட்டிற்கும் இவ்விரு தோற்றங்களும் உண்டு. வட முனைவும் தென் முனைவும் இத்தகையனவே. அவை இரு பொருள்கள் அல்ல, ஒரே சுற்றோட்டத்தின் இரு முகங்கள். இலத்திரனின் தன்சுழற்சியால் எழும் காந்தத்தன்மைக்கும் இரு முகங்கள் உள.

எனவேதான் 1865 இல் மக்ஸ்வெல் தொகுத்தளித்த கொள்கையில் மின்விசைக் கோடுகள் ஏற்றங்களில் தொடங்கி ஏற்றங்களில் முடிய, காந்தக் கோடுகள் தொடக்கமும் முடிவுமின்றி மூடிக்கொள்கின்றன. ஆயினும் இது அனுபவத்தின் தொகுப்பேயன்றித் தருக்கத்தின் கட்டளையன்று. தனிமுனைவுகளைச் சேர்த்தெழுதினாற் சமன்பாடுகள் மேலும் சமச்சீர் பெறுகின்றன. ஒரேயொரு தனிமுனைவு இருப்பினும், மின்னேற்றம் ஓர் அடிப்படை அளவின் மடங்குகளாகவே அமைவதற்கு அது காரணமாகும் என 1931 இல் டிராக் காட்டினார். அவரிடம் பயின்றவரும் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராயிருந்தவருமான கி. ஜெ. எலியேசர், காந்த முனைவு அணுவின் சக்தி மட்டங்களை எவ்வாறு மாற்றும் என 1962 இல் எஸ். கே. ரோயுடன் ஆராய்ந்தார். 1982 பெப்ரவரி 14 இல் ஸ்டான்போர்டில் பதிவான ஒரு சைகை நம்பிக்கை தந்தது. அது மீளப் பதிவாகவில்லை.

இந்நுணுக்கம் நமக்கு ஏன் வேண்டும்? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் துரை பங்களாவும் லயமும் எதிரெதிரே நின்றன. வெட்டிய காந்தம் போல இதுவும் இயல்பென்று சொல்லிவிடல் எளிது. அவ்வாறு சொல்வோர் வரலாற்றை இயற்கையாக்கி, மாற்றம் வேண்டுவோரின் கைகளைக் கட்டிவிடுகின்றனர். காந்த முனைவுகளின் பிரியாமைக்குச் சுற்றோட்டம் காரணமாவது போல, லயத்தின் தொடர்ச்சிக்கும் குறித்த காரணங்கள் உள: சொந்தக் காணியின்மை, வேலையோடு பிணைக்கப்பட்ட குடியிருப்பு, உழைப்பவர் கையில் இல்லாத உடைமை. இவை மனிதர் ஆக்கியவை. ஆதலின் மனிதரால் மாற்றத்தக்கவை. உவமை ஆராய்ச்சியின் வாயிலாகலாம், அதன் முடிவாகாது.