பென்சிலில் ஈயம் இல்லை... ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தெடுத்தது நாம் இல்லை! - குட்டீஸின் 'ஏன்'களுக்கு சில சுவாரஸ்ய பதில்கள்

'நாளைக்கு லீவு' என்றதும் குதிக்கிற குட்டீஸ், அடுத்த நிமிஷமே 'எதுக்கு லீவு?' என்று கேட்பார்கள். 'சுதந்திர தினம்டா' என்று நாம் சொல்லி முடிப்பதற்குள், 'ஏன் ஆகஸ்ட் 15? 14-ஆ இருந்தா என்ன?' என்று அடுத்த கேள்வி வந்துவிடும். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், 'சும்மா தொணதொணக்காதே' என்றுதான் நம் வாயில் வரும். அப்படி நாலு முறை சொன்னால் போதும், பிள்ளைகள் கேட்பதையே குறைத்துக்கொள்வார்கள்.

உண்மையில் அவை நல்ல கேள்விகள். காலண்டரில் இருக்கும் தேதியும் சரி, பென்சில் பாக்ஸில் இருக்கும் பொருளும் சரி, தானாக வந்தவை அல்ல. யாரோ ஒருவர், ஏதோ ஒரு காரணத்துக்காக முடிவு செய்தவை. அந்தக் காரணங்கள் கதை மாதிரியே இருக்கும். உங்கள் வீட்டுச் சுட்டிகளுக்குச் சொல்ல சில இங்கே...

ஏன் ஆகஸ்ட் 15?

1948 ஜூனுக்குள் இந்தியாவை விட்டு வெளியேறுவோம் என்றுதான் பிரிட்டிஷ் அரசு முதலில் அறிவித்தது. வைஸ்ராயாக வந்த மவுன்ட்பேட்டன் அதை முன்கூட்டியே முடிக்க முடிவு செய்து, 1947 ஆகஸ்ட் 15 என்று தேதி குறித்தார். அது ஏன் அந்தத் தேதி? இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைவதாக அறிவித்த நாள், 1945 ஆகஸ்ட் 15. அப்போது தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் இதே மவுன்ட்பேட்டன்தான். அந்த வெற்றியின் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் தேதி மனதில் வந்ததாக அவரே பின்னர் சொன்னார்.

இதில் இன்னொரு ஆச்சர்யம். ஜப்பானின் பிடியிலிருந்து விடுபட்டது என்பதால், கொரியாவுக்கும் ஆகஸ்ட் 15-தான் விடுதலை நாள்!

சரி, ஏன் ஜனவரி 26?

இந்தத் தேதி நாமே தேர்ந்தெடுத்தது. 1929 டிசம்பரில் லாகூரில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், 'முழு சுதந்திரமே லட்சியம்' என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த மாதமே, 1930 ஜனவரி 26 ஞாயிற்றுக்கிழமை அன்று, நாடெங்கும் சுதந்திர தினம் கொண்டாடினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் இங்கேதான் இருந்தார்கள், ஆனாலும் கொண்டாடினார்கள்! அதற்குப் பின்னும் ஒவ்வொரு வருடமும் அந்த நாளைக் கடைப்பிடித்தார்கள்.

கடைசியில் சுதந்திரம் வந்தது ஆகஸ்ட்டில். ஆனால், பழைய தேதியை விட்டுவிட மனசு வரவில்லை. அரசியலமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்றே ஏற்றுக்கொள்ளப்பட்டும், அதை முழுமையாக நடைமுறைப்படுத்த இரண்டு மாதங்கள் காத்திருந்து, 1950 ஜனவரி 26-ல் குடியரசானோம்.

கொடியிலும் ஒரு வித்தியாசம்!

அடுத்த முறை டி.வி-யில் பார்க்கும்போது கவனிக்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15-ல் செங்கோட்டையில் பிரதமர், கொடியைக் கம்பத்தின் கீழிருந்து மேலே ஏற்றுவார். ஜனவரி 26-ல் குடியரசுத் தலைவர், ஏற்கெனவே மேலே கட்டியிருக்கும் கொடியை விரித்துப் பறக்கவிடுவார். முதல் நாள், நாடு விடுதலை அடைந்து எழுந்ததைக் காட்டுகிறது. இரண்டாவது, விடுதலை அடைந்த நாடு குடியரசானதை.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. முன்பெல்லாம் மாநிலங்களில் இரண்டு நாள்களிலும் ஆளுநர்தான் கொடியேற்றுவார். சுதந்திர தினத்தில் முதலமைச்சர் ஏற்றும் உரிமையை மத்திய அரசிடம் கேட்டுப் பெற்றவர் கருணாநிதி. 1974 ஆகஸ்ட் 15-ல் சென்னை ஜார்ஜ் கோட்டையில் அவர் கொடியேற்றினார்.

சட்டையில் குத்தும் ஊக்கு

கொடியேற்றத்துக்குப் போகும் பிள்ளையின் சட்டையில் காகிதக் கொடியைக் குத்திவிடுகிறோமே, அந்த ஊக்கு 1849-ல் வந்தது. அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவருக்கு 15 டாலர் கடன். அதை எப்படி அடைப்பது என்ற யோசனையில் ஒரு கம்பியை வளைத்துக்கொண்டிருந்தபோது உருவானதாம் இது. காப்புரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். கடன் தீர்ந்தது, ஆனால் ஊக்கால் வந்த பெரிய லாபம் மற்றவர்களுக்குப் போனது.

பென்சிலும் ரப்பரும்

பென்சிலை ஆங்கிலத்தில் 'லெட்' என்று சொல்லப்போய், அதற்குள் ஈயம் இருப்பதாகவே பலர் நினைக்கிறோம். உள்ளே இருப்பது கிராஃபைட், அதாவது கார்பன். 16-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் போரோடேல் பகுதியில் அது கிடைத்தபோது ஈயத்தில் ஒரு வகை என்று நினைத்துவிட்டார்கள். தப்பு தெரிந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அழிப்பதற்கு அப்போது என்ன செய்தார்கள்? ரொட்டித் துண்டால் தேய்த்தார்கள்! 1770 வாக்கில்தான், ஒரு மரத்துப் பாலிலிருந்து வரும் பொருள் இன்னும் நன்றாக அழிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். தேய்ப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரப்'. தேய்க்கும் பொருள், 'ரப்பர்'. டயருக்கும் பந்துக்கும் உள்ள ரப்பர் என்ற பெயரே பென்சில் கோட்டை அழித்ததால் வந்ததுதான்.

பேனா மூடியில் ஏன் ஓட்டை?

இங்க் காயாமல் இருக்கத்தானே மூடி, அதில் ஓட்டை எதற்கு? பேனா மூடியை வாயில் வைத்துக் கடிக்கும் பிள்ளை தவறி விழுங்கிவிட்டால், மூச்சுக்குழாய் முழுக்க அடைபடாமல் கொஞ்சமாவது காற்று போகத்தான். இதற்கு சர்வதேசத் தர விதியே இருக்கிறது. ஆனால், ஓட்டை இருப்பதால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. அப்படி நடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காரணத்தோடு சொல்லிப் பாருங்கள், 'வாயில வைக்காதே' என்று பத்து முறை திட்டுவதைவிட நன்றாக வேலை செய்யும்.

ஷூவில் 'பர்ர்ர்' சத்தம்

1941-ல் சுவிட்சர்லாந்து பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், நாயுடன் நடந்துவிட்டு வந்தபோது, நாயின் முடியிலும் தன் துணியிலும் ஒட்டியிருந்த முள்காய்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். எல்லாம் குட்டிக் குட்டிக் கொக்கிகள். அதுதான் வெல்க்ரோ. நம்ம ஊர் வயல் வரப்பில் நடந்தால் நாயுருவி விதை துணியில் ஒட்டுமே, அதைத் தட்டிவிட்டுப் போகாமல் உற்றுப் பார்த்தவர் அவர். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் செய்ய வேண்டியது

எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 'எனக்கும் தெரியலையே, வா, தேடுவோம்' என்பதும் நல்ல பதில்தான். அக்டோபர் 2 லீவுக்கு முன் ஒரு வேலை கொடுங்கள். காந்தி பிறந்த அதே தேதியில் பிறந்த இந்தியப் பிரதமர் யார், அதே தேதியில் மறைந்த தமிழக முதல்வர் யார் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். விடை தெரியாவிட்டால் தாத்தா, பாட்டியிடம் கேட்கட்டும். சாஸ்திரியையும் காமராஜரையும் பற்றி அவர்களிடம் சொல்ல நிறைய இருக்கும்.

அப்புறம், கொடியேற்றம் முடிந்து வரும்போது அந்தக் காகிதக் கொடியைத் தரையில் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். 'ஏன் போடக் கூடாது?' என்று கேட்பார்கள். கேட்கட்டும்!