தீர்ப்புக்கு முன்பே வீழ்ந்த விதி

அமெரிக்காவில் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தும் விதியை எதிர்ப்பவர்கள் வழக்கில் வென்றாக வேண்டும் என்பதில்லை. ஓர் இடைக்காலத் தடை கிடைத்தாலே போதும். மின் நிலையங்களின் கரியமில வாயுவை 2030-க்குள், 2005-ஆம் ஆண்டு அளவிலிருந்து 32 சதவீதம் குறைக்க ஒபாமா அரசு 2015-இல் தூய மின்சாரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களும் நிலக்கரித் தொழிலினரும் வழக்குத் தொடுத்தனர். கீழமை நீதிமன்றம் விசாரித்து முடிக்கும் முன்பே, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தடை விதித்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை. 2019-இல் டிரம்ப் அரசு திட்டத்தையே ரத்து செய்தது. ஒரு நாளும் நடைமுறைக்கு வராத அத்திட்டம் சட்டப்படி செல்லாது என்ற தீர்ப்பு 2022 ஜூனில்தான் வந்தது.

அதிகாரிகள் எழுதும் விதியைக் கேள்வி கேட்பது தவறா என்றால், இல்லை. கார்கள் வெளியிடும் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தத் தனக்கு அதிகாரமில்லை என்று கைவிரித்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை மாசச்சூசெட்ஸ் மாநிலம் நீதிமன்றத்துக்கு இழுத்து, 2007-இல் வென்றதும் இதே உரிமையால்தான். அதன் கடற்கரையைக் கடல் அரித்துவருவதே வழக்காடும் தகுதியைத் தந்தது. என் மறுப்பு தாமதத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதில்தான். தடை நீடிக்கும் வரை நிறுவனத்துக்குப் பணம் மிச்சம்; அதற்குள் காற்றில் சேரும் கரியமில வாயுவை எந்தத் தீர்ப்பாலும் திரும்பப் பெற முடியாது. விதியே இல்லாமல் 2019 வாக்கில் அந்த இலக்கு எட்டப்பட்டதே என்பார்கள். உண்மைதான், மலிவான இயற்கை எரிவாயு நிலக்கரியை ஓரங்கட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2021-இல் எரிவாயு விலை ஏறியதும் நிலக்கரி மின்சாரம் மீண்டும் கூடியது. சந்தை தருவதைச் சந்தையே பிடுங்கிக்கொள்ளும்.

அங்குள்ள குடிமக்களுக்கும் வழிகள் உண்டு. வரைவு விதி வெளியானதும் கருத்து அனுப்பலாம். முக்கியமான ஆட்சேபத்துக்கு முகமை பதில் சொல்லாவிட்டால் அந்தக் குறையே விதியை நீதிமன்றத்தில் கவிழ்க்கக்கூடும். இறுதி விதி அரசிதழில் வந்த 60 நாட்களுக்குள் வழக்குப் போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் பெரும்பாலும் கதவு மூடிவிடும். சட்டம் விதித்த கடமையை முகமை செய்யாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத் தனிநபரும் வழக்காடலாம்.

பசுமைக்குடில் வாயுக்கள் மக்கள் நலனுக்குக் கேடு என்ற 2009-ஆம் ஆண்டு முடிவை, அதாவது இத்தகைய விதிகளின் அடிப்படையையே, கைவிட முகமை 2025 ஜூலையில் முன்மொழிந்தது. நிறுவனங்கள் இதைக் கொண்டாடும் முன் யோசிக்க வேண்டும். மின் நிறுவனங்கள் மீது சில மாநிலங்கள் நேரடியாகத் தொடுத்த வழக்கை 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது, இந்தப் பொறுப்பைச் சட்டம் முகமையிடம் ஒப்படைத்திருக்கிறது என்ற காரணத்தால்தான். முகமைக்கு அந்த அதிகாரமே இல்லை என்றாகிவிட்டால், அந்தக் கேடயமும் ஆட்டம் காணும்.