கல்லறைக் கள்வரும் பசித்த கைவினைஞரும்: எகிப்தியக் கோலம் பூண்ட ஓர் இணைய விளையாட்டுப் பற்றிய சில சிந்தனைகள்

1

விளையாட்டினை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் போக்கு நம்மிடையே இன்னும் போதிய அளவு வளரவில்லை. கிராமிய விளையாட்டுகள் நாட்டார் வழக்காற்றியலின் பாற்பட்டு ஓரளவு கவனிக்கப்பட்டுள்ளன. கணினித் திரையில் இன்று பல்லாயிரவர் ஆடும் விளையாட்டுகளோ வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கப்படுகின்றன. ஆயின் மனிதர் ஓய்வு நேரத்தில் எதனை விரும்பி நடிக்கின்றனர் என்பது அவர்களது சமூகத்தின் கருத்துநிலையை அறிய உதவும் சான்றுகளுள் ஒன்றாகும். அவ்வகையில், பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட இணையவழி உய்த்தறி விளையாட்டொன்றினை எடுத்துக்கொண்டு, அது எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் அமைப்பு எளிமையானது. பங்குபற்றுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் இரகசியமாக வழங்கப்படும். பெரும்பான்மையோர் பூசாரி, எழுத்தர், பிணந் தைலமிடுவோர் முதலிய குற்றமற்றோர். மன்னனும் அவர்களுள் ஒருவனே. சிறுபான்மையினர் கல்லறைக் கள்வர். கள்வர் ஒருவரையொருவர் அறிவர். ஏனையோர் எவரையும் அறியார். இரவிற் கள்வர் கூடி ஒருவரை அகற்றுவர். பகலில் அனைவரும் விவாதித்து, வாக்களித்து, ஐயத்துக்குரிய ஒருவரை வெளியேற்றுவர். கள்வர் அனைவரும் வெளியேறின் பெரும்பான்மை வெல்லும். கள்வர் தொகை ஏனையோர் தொகைக்குச் சமமாகின் கள்வர் வெல்வர்.

நாமும் இவ்வாட்டங்கள் சிலவற்றிற் பங்குபற்றியுள்ளோம். அவற்றுள் ஒன்றில், அதிகம் பேசாதிருந்தமை ஒன்றே காரணமாக ஒருவர் முதற் பகலிலேயே வெளியேற்றப்பட்டார். அவர் கள்வரல்லர்; தைலமிடுபவர். அவரை வெளியேற்ற வாக்களித்தோருள் நாமும் இருந்தோம். அவ்வேளையில் நமது தீர்ப்பு நியாயமானதாகவே நமக்குத் தோன்றிற்று. இக்கட்டுரைக்குத் தூண்டுதலாக அமைந்தது அவ்வனுபவமே.

2

இவ்விளையாட்டின் மூலவடிவம் எகிப்துக்கு உரியதன்று. 1986ஆம் ஆண்டளவில் மொஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையைச் சார்ந்திருந்த டிமித்ரி டாவிடொவ் என்பார் இதனை ‘மாஃபியா’ என்ற பெயரில் உருவாக்கினார். அறிந்த சிறுபான்மைக்கும் அறியாத பெரும்பான்மைக்கும் இடையிலான மோதலே அதன் உட்கரு. 1997இல் அமெரிக்கரான அண்ட்ரூ புளொட்கின் அதற்கு ஓநாய் மனிதர் கதைக்கோலத்தை வழங்கினார். 2014இல் வெளிவந்த ‘டவுன் ஒவ் சேலம்’ அதனை இணையத்துக்குக் கொண்டுவந்தவற்றுள் ஒன்று. 2018இல் வெளிவந்த ‘அமங் அஸ்’, 2020இல் பெருந்தொற்றினால் வீடுகளுள் அடைபட்டிருந்த மக்களிடையே பெரும் பரவல் பெற்றது. ஊர், விண்கலம், எகிப்தியக் கல்லறை எனக் கோலங்கள் மாறினும் உள்ளமைப்பு மாறுவதில்லை.

அவ்வுள்ளமைப்பின் இயல்பினைச் சிறு கணக்கொன்றினால் விளக்கலாம். எழுவருள் இருவர் கள்வர் என்றும், ஆட்டம் பகலில் தொடங்குகின்றது என்றும் கொள்வோம். ஆராயாது சீட்டுக் குலுக்கி வெளியேற்றின், பெரும்பான்மை வெல்லும் வாய்ப்பு 35இல் 8 மட்டுமே. அதாவது நாலில் ஒன்றுக்கும் குறைவு. ஐவர் இருவரிடம் தோற்கும் இந்நிலைக்குக் காரணம், இருவர் தம்மை அறிந்த ஒரு கூட்டாகவும் ஐவர் தனித்தனி ஆள்களாகவும் இருப்பதேயாகும். பேச்சினால், சான்றினை ஒப்புநோக்குவதால், தவறினை ஒப்புக்கொள்வதால் மட்டுமே பெரும்பான்மை தன்னை ஒரு கூட்டாக ஆக்கிக்கொள்ள முடியும். இவ்வளவில் இவ்விளையாட்டுக்கு ஓர் ஆக்கபூர்வமான பண்பு உண்டு என்பதை மறுத்தல் தகாது.

3

இனி, கோலத்துக்கு வருவோம். கல்லறைக் கள்வர் கற்பனை மாந்தரல்லர். அவர்களைப் பற்றிய விசாரணைப் பதிவுகள் பப்பிரசுச் சுருள்களில் இன்றும் எஞ்சியுள்ளன.

நைல் நதியின் மேற்குக் கரையில், தீப்ஸ் நகருக்கு எதிரே, அரச கல்லறைகளைக் குடைந்து தீட்டிய கைவினைஞரின் குடியிருப்பொன்று இருந்தது. இன்று அது தெய்ர் எல்-மதீனா எனப்படும். அவர்கள் பணிபுரிந்த இடத்துக்கு ‘வாய்மையின் இடம்’ என்பது பெயர். அவர்களுக்கு ஊதியம் தானியமாகவே வழங்கப்பட்டது. மூன்றாம் இரமெசேசின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், தானியம் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. கைவினைஞர் வேலையைக் கைவிட்டு, இடுகாட்டின் ஐந்து சுவர்களையும் கடந்து சென்று, மூன்றாம் துத்மோசின் ஈமக் கோயிலின் பின்புறத்தே அமர்ந்தனர். பசியினாலும் தாகத்தினாலும் வந்ததாகவும், ஆடையும் எண்ணெயும் மீனும் காய்கறியும் இல்லை எனவும் அவர்கள் முறையிட்டனர். எழுத்தர் அமென்நக்த் இதனைப் பதிவு செய்துள்ளார். அச்சுருள் டூரின் நகர நூதனசாலையில் உள்ளது. வரலாற்றிற் பதிவுபெற்ற முதலாவது வேலைநிறுத்தமாக இது பொதுவாகக் கொள்ளப்படுகின்றது.

இதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், ஒன்பதாம் இரமெசேசின் 16ஆம் ஆட்சியாண்டில், கல்லறைக் கொள்ளை விசாரணைகள் நிகழ்ந்தன. அமென்பநுஃபெர் என்னும் கல்தச்சன், வேறு எழுவருடன் சேர்ந்து இரண்டாம் சொபெகெம்சாஃப் மன்னனது கல்லறையை உடைத்தமையை ஒப்புக்கொண்டான். அக்கூட்டத்தில் தச்சரும் உழவரும் நீர் சுமப்போரும் அடிமையும் இருந்தனர். 160 தெபென் பொன்னை எண்மரும் தலைக்கு இருபதாகப் பங்கிட்டனர். ஒரு தெபென் ஏறத்தாழ 91 கிராம். பின்னர் அமென்பநுஃபெர் பிடிபட்டான், தன் பங்கான இருபது தெபெனையும் அவ்வட்டாரத்து எழுத்தரிடம் கொடுத்து விடுதலை பெற்றான், தோழர்கள் தம் பங்கிலிருந்து அவனுக்கு ஈடுசெய்தனர், கொள்ளையும் தொடர்ந்தது.

இவ்விசாரணையின் பின்னணியில் அதிகாரப் பூசலும் இருந்தது. கிழக்குத் தீப்சின் தலைவனான பசெர், மேற்குக் கரையின் பொறுப்பாளனான பவெரோவின் ஆளுகைக்குட்பட்ட கல்லறைகள் உடைக்கப்பட்டன எனக் குற்றஞ் சாட்டினான். பரிசோதிக்கப்பட்ட பத்து அரச கல்லறைகளுள் ஒன்றே உடைபட்டதாக அறிக்கை வந்தது. மேற்குக் கரையினர் பசெரின் வீட்டு வாயில்வரை சென்று வெற்றி ஆரவாரம் செய்தனர். பிரித்தானிய நூதனசாலையிலுள்ள அபொட் சுருள் இதனை விவரிக்கின்றது.

4

மேற்கூறிய வரலாற்றினை விளையாட்டுடன் ஒப்பிடும்போது மூன்று அம்சங்கள் மனங்கொள்ளத்தக்கன.

முதலாவது, விளையாட்டிற் கள்வன் கள்வனாவதற்குக் காரணமில்லை. பாத்திரப் பங்கீடு அவனை அவ்வாறு ஆக்குகின்றது. வரலாற்றிலோ உயிரோடிருப்போரின் தானியம் தவறும்போது இறந்தோரின் பொன் அவர்கள் காலடியிற் கிடந்தது. இவ்வுறவே கள்வனை உற்பத்தி செய்தது. இரண்டாவது, கையூட்டுப் பெற்ற எழுத்தருக்கு விளையாட்டில் இடமில்லை. அங்கு மன்னனும் தைலமிடுபவனும் சம வாக்குடைய குற்றமற்றோர். வர்க்க வேறுபாடு கோலத்துள் மறைந்துவிடுகின்றது. மூன்றாவதே முக்கியமானது. விளையாட்டிற் கூடி முடிவெடுக்கும் கூட்டு ஒன்றே. அது இரவிற் கூடும் குற்றவாளிக் கூட்டு. பகலில், வெளிப்படையாக, ஐந்து சுவர்களைக் கடந்து ஒன்றாகச் சென்று அமர்ந்த கைவினைஞரை அவ்விதிகளுக்குள் எப்பாத்திரமாகவும் வார்க்க இயலாது. கூட்டுணர்வு என்றாலே சதி எனக் கொள்ளும் நோக்கு அவ்விதிகளுள் ஊறியுள்ளது.

முற்போக்காளராகிய நாம் இதனை முதலாளித்துவக் கலாசாரத்தின் குறை எனக் கூறி நிறுத்திவிட இயலாது. 1936 முதல் 1938 வரை மொஸ்கோவில் நடந்த வழக்குகளில், புரட்சியின் முன்னணித் தலைவர்களே துரோகிகளெனத் தண்டிக்கப்பட்டனர். வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலமே அங்கு தலையாய சான்றாக நின்றது. தீப்சிலும் அடித்தே விசாரித்தனர். அரை நூற்றாண்டின் பின் அதே நகரில் தோன்றிய விளையாட்டினை அவ்வழக்குகளின் நேரடிப் பிரதிபலிப்பு எனக் கொள்வது இயந்திரப்பாங்கான முடிவாகும். எனினும், பொருளாதார நெருக்கடிக்கு விடை காண இயலாதபோது ஒளிந்திருக்கும் துரோகியைத் தேடுவது எவ்வணிக்கும் நேரக்கூடியது என்பதை அவை உணர்த்துகின்றன.

விளையாட்டினை விலக்குமாறு நாம் கூறவில்லை. பொது அபிப்பிராயம் எவ்வாறு உருவாகின்றது, பெரும்பான்மை எத்துணை எளிதிற் பிழைபடுகின்றது என்பவற்றை அது கற்பிக்கின்றது. ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆட்டத்தில் மீள்வார். மௌனத்தைக் குற்றமெனக் கொண்ட நமது பிழையும் அவரது சிரிப்புடன் முடிந்துவிட்டது. வாழ்க்கையில் அவ்வாறு மீள்வதற்கு இடமில்லை. ஆகவே ‘கள்வன் யார்?’ எனத் தொடங்கும் ஒவ்வொரு விசாரணையிலும், ‘தானியம் ஏன் வரவில்லை?’ என்னும் வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். இணைய விளையாட்டுகளை இந்நோக்கில் அணுகும் ஆய்வுகள் நம் பல்கலைக்கழகங்களிற் பெருகுதல் விரும்பத்தக்கது.