சீப்புக்கு அஞ்சும் விளக்கு

1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டித் தொழிலின் நுட்பங்களைக் கற்றுத் திரும்பி, மறு ஆண்டே சொந்த ஊரில் அத்தொழிலைத் தொடங்கியபோது, அவர்களுக்குப் பெருந்துணையாக நின்றது இவ்வட்டாரத்தின் வறண்ட காற்று. குச்சியையும் மருந்தையும் விரைவில் உலர்த்திய அந்தக் காற்றே பின்னர் பட்டாசுத் தொழிலுக்கும் அனுகூலமாயிற்று. ஆயினும் வறட்சிக்கு வேறொரு குணமும் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பொருள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, உராய்வினால் பிறக்கும் மின்னேற்றம் அதன் வழியே கசிந்து மறைந்துவிடும். ஈரம் குறைந்தாலோ, அம்மின்னேற்றம் நம் தேகத்திலேயே தங்கியிருந்து, சமயம் வாய்த்தபோது பொறியாகப் பாயும். சுமார் 3000 வோல்ட்டுக்குக் குறைந்த பொறியை நம் விரல் உணர்வதில்லை. நுண்ணிய அலுமினியத் தூள் கலந்த மருந்தோ, நாம் உணராததையும் உணர்ந்துவிடக் கூடும். மருந்து அறைக்குள் நுழையுமுன் நிலத்தோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொடவேண்டும், நைலானை விடுத்துப் பருத்தி உடுத்தவேண்டும் என்று வற்புறுத்துவதெல்லாம் இதனாலேயே.

கண்ணுக்குப் புலப்படாத இச்சக்தியைக் காட்டிக்கொடுக்கும் விளையாட்டுச் சாதனம் ஒன்றை விருதுநகரிலோ திருத்தங்கலிலோ பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி தன் வீட்டிலேயே செய்துவிடலாம். அதற்கு உயிர்நாடி, நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் 'பி.எஃப்.டபிள்யூ. 10' என்னும் புலவிளைவு டிரான்சிஸ்டர். அதன் கால்கள் மூலம், வடிகால், வாயில் எனப் பெயர் பெறும். நான்காவது கால் உலோக உறைக்குரியது, அதை மூலத்தோடு சேர்த்துவிடலாம். 9 வோல்ட் பாட்டரியின் நேர்முனையிலிருந்து 1000 ஓம் ரெசிஸ்டரும் சிவப்பு எல்.இ.டி.யும் வழியாக வடிகாலுக்கும், மூலத்திலிருந்து எதிர்முனைக்கும் இணைப்புக் கொடுத்து, வாயிலில் ஒரு சாண் கம்பியை மட்டும் எதையும் தொடாமல் நிற்க விட்டால், விளக்கு எரியும். எண்ணெய் படாத தலையை வாரிய பிளாஸ்டிக் சீப்பை அக்கம்பியை நோக்கிக் கொண்டுவந்தால், சீப்பில் தேங்கிய எலெக்ட்ரான்கள் கம்பியிலுள்ள எலெக்ட்ரான்களை வாயிலை நோக்கித் தள்ள, வாயில் அடைந்த எதிர்மின்னேற்றம் உள்ளே மின்னோட்டம் செல்லும் பாதையை நெருக்க, தொடாமலே விளக்கு அணைந்துபோகும். சீப்பை விலக்கினால் மறுபடி எரியும். பெரிய உபகரணங்கள் வேண்டியிராத இந்தச் சோதனை பாடப்புத்தகத்தின் பல பக்கங்களைவிட மேலானது என்பது என் துணிபு. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும்: இது விளையாட்டுப் பொருளே அன்றிப் பாதுகாப்புக் கருவி அன்று, பாட்டரியோடு கூடிய எதையும் பட்டாசுச் சாலைக்கோ கிடங்குக்கோ எடுத்துச் செல்லலாகாது.

இத்தகைய வேடிக்கைகள் வீண் என்று கருதுவோர், பிரிஸ்டல் நகரில் மூளையின் இயக்கத்தை ஆராய்ந்த கிரே வால்ட்டர் 1948-49-இல் அமைத்த இரண்டு யந்திர ஆமைகளை நினைக்கவேண்டும். எல்மர், எல்சி என்று பெயரிடப்பட்ட அவற்றுள் ஒவ்வொன்றிலும் இருந்தவை இரண்டே வால்வுகள், ஒளியை அறியும் ஒரு கண், மேலோடு மோதினால் அறியும் ஒரு தொடுபுலன், இரண்டு மோட்டார்கள். இவ்வளவே கொண்டு அவை மங்கிய வெளிச்சத்தை நாடின. கூசும் வெளிச்சத்தை விட்டு விலகின. பாட்டரி தளர்ந்தபோது விளக்கெரியும் தம் கூண்டைத் தேடிச் சென்று மின்சாரம் ஏற்றிக்கொண்டன. நரம்பணுக்கள் சிலவே ஆயினும், அவற்றின் இணைப்பு எத்தனை விதமான நடத்தையைத் தரவல்லது என்பதை அறிவதே அவருடைய நோக்கம்.

நம் சிறுமியும் ஓர் ஆமை செய்யலாம். விளக்குக்குப் பதிலாக, அந்த டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டத்தை இன்னொரு டிரான்சிஸ்டரால் பெருக்கி, உடைந்த பொம்மைக் காரின் மோட்டாருக்கு அளித்தால், தரையில் ஊர்ந்துவரும் ஆமை சீப்பைக் கண்டதும் நின்றுவிடும். கோடையின் வறண்ட பிற்பகலில் அது எவ்வளவு தொலைவில் நிற்கிறது, ஐப்பசி அடைமழையில் எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது என்பதை அளவுகோலால் அளந்து, தேதியோடு அவள் நோட்டில் எழுதி வரட்டும். காற்றின் ஈரம் கூடக்கூட அத்தூரம் குறைவதை அவளே கண்டுகொள்வாள்.