விதைப்பையில் திடீர் வலியா? காலை வரை காத்திருக்காதீங்க... முதல் 6 மணி நேரம் ஏன் முக்கியம்?

நள்ளிரவில் எழுந்து "அடிவயிறு வலிக்குது" என்கிறான் பையன். வாந்தியும் வருகிறது. "சூடு பிடிச்சிருக்கும், தொப்புள்ல விளக்கெண்ணெய் வை, காலையில பார்க்கலாம்" என்று சொல்லும் வீடுகள் அதிகம். ஆனால் விடிவதற்குள் ஒரு விதையையே இழக்க நேரலாம். வலி விதைப்பையில் என்று சொல்ல வெட்கப்பட்டு, வயிற்று வலி என்று சொல்லும் பையன்கள் உண்டு.

என்ன நடக்கிறது?

விதைக்கு ரத்தம் கொண்டு செல்லும் தண்டு முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். இதுதான் 'டெஸ்டிகுலர் டார்ஷன்'. 12 முதல் 18 வயதில் அதிகம்; எந்த வயதிலும் வரலாம். அடிபடாமலேயே, தூக்கத்தில்கூட வரும்.

6 மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். 24 மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு மிகக் குறைவு.

எப்படி கண்டுபிடிப்பது?

* திடீரென ஒரு பக்கம் கடும் வலி, வீக்கம்
* குமட்டல், வாந்தி
* ஒரு விதை மேலேறி இருப்பது
* வலி வந்து தானாகவே போவது. இதுவும் எச்சரிக்கைதான்

வேறு காரணங்கள் என்ன?

மெதுவாகக் கூடும் வலி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம், ஆன்டிபயாடிக் தருவார்கள். பொன்னுக்கு வீங்கி வந்த சில நாட்களிலும் விதை வீங்கலாம். குடலிறக்கம், சிறுநீரகக் கல், அடிபடுவது ஆகியவையும் காரணமாகலாம். எது என்று வீட்டில் முடிவு செய்ய முடியாது. டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை டார்ஷன் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே போவது?

செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் என்றால் 2022-ல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் என்றால் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனை. வண்டி இல்லையா? 108-ஐ அழையுங்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், வலி தொடங்கிய நேரத்தைச் சொல்லுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு, தண்ணீர் தராதீங்க.

ஆபரேஷனில் முறுக்கை எடுத்து, மீண்டும் வராமலிருக்க இரண்டு விதைகளையும் தைத்து நிறுத்துவார்கள். சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது.

"அங்க வலிச்சா உடனே சொல்லு, திட்ட மாட்டோம்" என்று பையனிடம் இன்றே சொல்லி வையுங்கள்.