டி-டைமர் கூடினால் இரத்தக் கட்டியா?

வாப்பாவின் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியபோது, இரத்த ரிப்போர்ட்டில் டி-டைமர் கூடியிருந்தது. நுரையீரலில் இரத்தம் உறைந்துவிட்டதென்று கிளிநொச்சியில் எங்கள் வீடே கலங்கியது. படிப்பிக்கிற எனக்கும் விளங்கவில்லை.

உறைந்த இரத்தம் கரையும்போது வெளிவரும் துணுக்கே டி-டைமர். காசநோய், நியூமோனியா, புற்றுநோய், ஏன் முதுமையிலும் அது கூடும். உறைவுச் சந்தேகம் குறைந்தவருக்கு அது சாதாரண அளவில் இருந்தால்தான் பயன்: உறைவு இல்லையென ஒதுக்கலாம். கூடினால் சீ.டி. ஸ்கேன்தான் தீர்ப்புச் சொல்லும். வாப்பாவுக்கு ஸ்கேனில் உறைவில்லை.

நீரை ஊசியால் எடுக்குமுன் ஐ.என்.ஆர். பார்த்தார்கள். இதுவும் உறைதல் சோதனைதான். இரத்தம் கசியுமா என்றறிய. அது கூடியிருந்தது! இருதயத்துக்காக வாப்பா குடித்த வார்ஃபரினை நாங்கள் சொல்லவேயில்லை. ஊசி தள்ளிப்போனது.

எடுத்த நீரில் புரதம், இரத்தப் புரதத்தின் பாதிக்கு மேல். 1972இல் லைட் என்ற அமெரிக்க வைத்தியர் வகுத்த கணக்கின்படி, அது பெரும்பாலும் இருதய நீரல்ல. காசநோய்தான், ஆறு மாத மருந்து.

ஊசிக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.