கிரவல் ஓடுபாதையும் பின்னச்சு வில்லும்

மாரி கழிந்த கையோடு கிளிநொச்சியிலிருந்து உட்கிராமம் ஒன்றிற்குக் கிரவல் வீதியால் பேருந்திற் சென்றவர்களுக்கு இக்கட்டுரையின் பொருளை விளக்கவேண்டியதில்லை. பின்னாசனத்தில் இருந்தவரது முதுகெலும்பு அதனை முன்னரே கற்றிருக்கும்!

உயர்தர வகுப்பிலே பௌதிகம் பயிலும் மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் வந்தான். அவனுடைய மாமாவின் கொட்டிலில் பழைய ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்று நிற்கிறது. யுத்த காலத்திலே பெற்றோல் இன்றி மண்ணெண்ணெயில் ஓடிய குலத்தைச் சேர்ந்தது.

"சேர், பின் ஸ்பிறிங்கிலை ரண்டு தகட்டைக் கழட்டிக் காரைப் பதிச்சுவிட்டால் கிரவல் றேசுக்குக் கொண்டுபோகலாம் எண்டு மாமா சொல்லுறார். சரியோ?"

கிரவற் பாதை ஓட்டப்போட்டிகள் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. தியத்தலாவையிலும் அநுராதபுரத்தை அடுத்த சாலியபுரத்திலும் அவை நடைபெற்றுள்ளன. ஆயினும் மாமாவின் யோசனை பாதி சரி, பாதி தவறு.

அக்காரின் பின்சில்லுகள் இரண்டையும் ஒரே அச்சு இணைக்கிறது. தகடுகளை அடுக்கிய வில் அதன்மேல் இரு தொழில்களைச் செய்கிறது. ஒன்று, பாரத்தைத் தாங்குதல். மற்றொன்று, அச்சை அதன் இடத்திற் பிடித்துவைத்தல். தகடுகளைக் கழற்றினால் வில் மென்மையாகும். அது நன்றே. சில்லு நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரைதான் பிடி உண்டு. மேட்டில் துள்ளி அந்தரத்திற் சுழலும் சில்லுக்கு உராய்வு ஏது? ஆனால் அதே தகடுகள்தாம், இயந்திரம் சில்லைத் திருகும்போது அச்சு எதிர்த்திசையில் முறுகாமலும் தடுக்கின்றன. அவை மெலிந்தால் வில் பாம்புபோல் வளைந்து, நிமிர்ந்து, மீண்டும் வளையும், சில்லு தத்தும். மேலும், பதித்த காருக்குக் கிடங்கிலே மேலெழ இடமில்லை. அச்சு அடிச்சட்டத்தில் மோதும். தாரிட்ட பாதைக்குத் தாழ்வு அழகு. கிரவலுக்கு உயரமே துணை.

வில்லுக்குத் தோழன் சொக் அப்சோபர். வில் ஆற்றலைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும். இதுவோ அதனை வெப்பமாக்கி அழிக்கும். பின்மூலையை அழுத்தி விட்டுவிடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நன்று. ஊஞ்சலாடினால், வில்லைத் தொடுவதற்கு முன் அதனைச் சீர்செய்க.

அமெரிக்க நூல்களைப் படித்துவிட்டு வருவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அங்கே நீள்வட்ட மண்பாதையில் இடப்பக்கமே திரும்புவர். ஆதலால் வலப் பின்சில்லுக்குச் சுற்றளவு கூடிய ரயரைப் பூட்டுவர். புனலை உருட்டினால் வட்டமிடுவதுபோல் வண்டி தானே இடம் நோக்கும். இடப் பின்வில்லை உயர்த்தி அச்சில்லுக்குப் பாரங் கூட்டுவதும் உண்டு. வகுப்பறை மேசையின் ஒரு காலுக்கு மட்டை வைத்துப் பாருங்கள். அக்காலும் அதற்கு மூலைவிட்டமான காலும் பாரத்தை ஏற்க, மற்றவை இரண்டும் இலேசாகும். நம் பாதைகளோ இருபுறமும் திரும்புவன. இங்கே இடமும் வலமும் சமனாயிருத்தலே தொடக்கக்காரனுக்கு முதற்பாடம்.

செய்யவேண்டியது எளிது. சமதளத்திலே, ரயர்களிற் காற்றைச் சமனாக்கி, சாரதியை ஆசனத்தில் இருத்தி, சில்லின் மையத்திலிருந்து மட்காட் விளிம்புவரை அளக்கவேண்டும். பின்னர் ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றியவனுக்கு எது பயன் தந்தது என்பது ஒருபோதும் தெரியாது.

இத்துணை நுணுக்கம் எதற்கு என மாணவன் கேட்டான். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில், ஓட்டப்பாதையை விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர் பக்கம் பாய்ந்ததில் எழுவர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அவ்விபத்தைப் பின்னச்சோடு தொடர்புபடுத்துவது என் எண்ணமன்று. பின்புறம் பிடியிழந்த வண்டி சாரதியின் கைக்குள் நில்லாது என்பதையும், பாதையோரத்தில் நிற்பவர் யாவர் என்பதையுமே அவனுக்குக் கூறினேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

மறுவாரம் குறிப்புப் புத்தகத்தோடு வந்தான். வலப்பக்கம் முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. பல்லாண்டு சாரதியைச் சுமந்த பக்கம் அல்லவா? தகடு கழற்றுவது இருக்கட்டும், இரு வில்களையும் கழற்றிப் புதுப்பிக்கவேண்டும் என்றேன். அதனை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதே இப்போது அவனுடைய வினா.